நீர்க்கோலமும் போர்க்கோலமும்

கோயம்புத்தூரில் ஆங்கில இலக்கியம் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். அவர் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "எங்களுக்கு ஹாம்லெட்டும் ஜூலியஸ் சீசரும் பாடம். மனசாட்சிக்கும் கடமைக்கும் நடுவில் கிழிபடும் மனிதர்களை அதில் பார்க்கிறோம். நம் காவியங்களில் அப்படி ஒருவர் உண்டா? கும்பகர்ணனைச் சொல்கிறார்கள். ஆனால் அண்ணன் செய்தது தப்பு என்று தெரிந்தும் அவனுக்காகச் சண்டை போட்டவன் எப்படி நேர்மையானவன் ஆவான்? நேர்மையானவன் விபீஷணன் அல்லவா? செஞ்சோற்றுக் கடன் என்பது ஒரு சாக்குதானே?"

நல்ல கேள்வி. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். கும்பகர்ணன் பாடம் நடத்திய ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பிள்ளை இதே கேள்வியைக் கேட்கும். ஆரம்பத்தில் சட்டென்று ஒரு பதில் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். பிறகு அப்படிப் போக முடியவில்லை.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கிழக்கே வரவரத் தமிழ்தான். வேலந்தாவளம் சோதனைச் சாவடி தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். இந்தப் பக்கம் வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். கம்பன் எங்களுக்கு இரண்டு வழியாக வருகிறான். ஒன்று பாடப்புத்தகம். இன்னொன்று தோல்பாவைக்கூத்து. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் பகவதி கோயில்களுக்கு எதிரே கூத்துமாடம் என்று நிரந்தரமாக ஒரு மேடை கட்டி வைத்திருப்பார்கள். 42 அடி நீளம். குறுக்கே வெள்ளைத் துணித் திரை. திரைக்குப் பின்னால் வரிசையாக 21 தேங்காய் மூடிகளில் எண்ணெய் விட்டுத் திரி எரியும். மான் தோலில் வெட்டிய பாவைகள். பாடுவது கம்பராமாயணம், தமிழில். அதற்கு விளக்கம் சொல்வது மலையாளமும் தமிழும் கலந்த ஒரு பேச்சில். சொல்கிறவர்களைப் புலவர் என்றுதான் அழைப்பார்கள். அவர்களில் ஒருவரான ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பத்ரகாளி தாருகன் என்கிற அசுரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் இராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போயிற்றாம். அவள் பார்ப்பதற்காகத்தான் இந்தக் கூத்து என்பது ஐதீகம். அதனால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும்.

ஒற்றப்பாலம் தாண்டி ஒரு பகவதி கோயிலில் நான் கும்பகர்ணன் கதை பார்த்த ராத்திரி, மணி இரண்டுக்கு மேல் திரைக்கு முன்னால் நாங்கள் நான்கு பேர். ஒருவர் துண்டை விரித்துத் தூங்கிவிட்டார். திரையில் இரண்டு நிழல், எதிரெதிரே. பெரியது கும்பகர்ணன், சின்னது அவனை இராமன் பக்கம் கூப்பிட வந்த விபீஷணன். பாவைகளை முள்ளால் திரையில் குத்தி நிறுத்திவிட்டதால் அசைவே இல்லை. விளக்குச் சுடர் ஆடும்போது மட்டும் நிழல் ஆடுகிறது. பின்னால் ஒரு புலவர் பாட்டைச் சொல்லி நிறுத்தினார். இன்னொருவர் விபீஷணனாக நின்று கேட்டார்: "தப்பு என்று தெரியும் அல்லவா, அப்புறம் ஏன் வர மாட்டேன் என்கிறாய்?" முதல் புலவர் உடனே பதில் சொல்லவில்லை. எண்ணெய் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு அதே பாட்டையே மறுபடியும் சொன்னார். வேறு பதில் இல்லை என்பதுபோல.

அந்தப் பாட்டு இதுதான்.

நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிதுநாள் வளர்த்துப் பின்னைப்
போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்;
தார்க்கோல மேனி மைந்த! என் துயர் தவிர்த்தி ஆயின்,
கார்க்கோல மேனியானைக் கூடுதி, கடிதின் ஏகி.

என்னை இத்தனை நாள் வளர்த்து, கடைசியில் தன் கையாலேயே போர்க்கோலம் செய்து அனுப்பினானே, அவனுக்கு உயிரைக் கொடுக்காமல், தண்ணீர்மேல் போட்ட கோலம் மாதிரியான இந்த வாழ்க்கையை விரும்பி அங்கே வர மாட்டேன். என் துக்கம் தீர வேண்டும் என்று நினைத்தால் நீ சீக்கிரம் இராமனிடம் போய்ச் சேர். இதுதான் பொருள். இந்தப் பாட்டில் அண்ணன் நல்லவன் என்று எங்காவது இருக்கிறதா? அண்ணன் ஜெயிப்பான் என்று இருக்கிறதா? எங்கள் பக்கம்தான் நியாயம் என்று இருக்கிறதா? ஒன்றும் இல்லை. தம்பி போய்ச் சேர்ந்த இடம் சரியான இடம் என்று ஒப்புக்கொண்டு, அங்கேயே போ என்று அனுப்புகிறான். இதை ஒரு சாக்கு என்று எப்படிச் சொல்வது? சாக்குச் சொல்கிறவன் முதலில் தன் பக்கத்து நியாயத்தை அல்லவா ஜோடிப்பான்?

'போர்க்கோலம் செய்து விட்டாற்கு' என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அது வெறும் எதுகைக்காகப் போட்ட சொல் இல்லை. யுத்த காண்டத்தில் கும்பகருணன் வதைப் படலத்தை ஆரம்பத்திலிருந்து படித்தால் தெரியும். முதல் நாள் சண்டையில் தோற்று, வெறுங்கையோடு ஊருக்குள் வந்த இராவணன், தூங்குகிறவனை எழுப்பச் சொல்கிறான். எழுந்தவன் அறுநூறு வண்டிச் சோறும் குடம் குடமாகக் கள்ளும் குடிக்கிறான். பிறகு அண்ணன் முன்னால் வந்து நிற்கிறான். இராவணன் அவனைக் கட்டிப்பிடித்து, பக்கத்தில் உட்கார வைத்து, ஆபரணம் பூட்டி, கவசம் போட்டுவிடுகிறான். எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் கும்பகர்ணன் கேட்கிறான், இந்த ஆயத்தமெல்லாம் எதற்கு என்று. அதாவது எதற்காக என்று தெரிவதற்கு முன்பே அவன் உடம்பில் கவசம் ஏறிவிட்டது. அண்ணன் கை அவன் உடம்பில் பட்டுவிட்டது. என் கணக்கில் அந்தப் படலத்திலேயே மிகக் கொடுமையான இடம் அதுதான். ஒரு குழந்தைக்குச் சட்டை போட்டுவிடுகிற மாதிரி ஒரு மனிதனைச் சாவுக்கு உடுத்தி அனுப்புகிறான்.

காரணம் தெரிந்ததும் அவன் வாயிலிருந்து வருவது ஒரு வீரவசனம் இல்லை. 'ஆனதோ வெஞ்சமர்? அலகில் கற்புடைச் சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ?' என்று கேட்கிறான். அந்தப் பெண்ணின் துக்கம் இன்னும் தீரவில்லையா என்பது அவனுடைய முதல் கவலைகளில் ஒன்று. இலங்கையில் அவளுக்காகப் பேசியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு அண்ணன் முகத்துக்கு நேராகச் சொல்கிறான்: பூமியைத் தோண்டி எடுத்துவிடலாம், உலகத்துக்கே வேலி கட்டிவிடலாம் என்றுகூடச் சொல்லலாம்; ஆனால் இராமன் தோளை வெல்லலாம் என்பது, சீதையைத் தழுவலாம் என்று நீ நினைக்கிற மாதிரிதான். இதைவிடக் கூர்மையாக ஒருவன் தன் ராஜாவிடம் பேச முடியாது. அவளை விட்டுவிடு, இராமன் காலில் விழு, தம்பியோடு சமாதானமாகு, பிழைக்க அதுதான் வழி என்கிறான்.

வள்ளுவர் சொன்ன 'இடிக்குந் துணையார்' இவன்தான். இடித்துச் சொல்கிற துணை இருக்கிற அரசனைக் கெடுக்க யாராலும் முடியாது என்கிறது குறள். இங்கே துணை இருந்தது, இடிக்கவும் செய்தது. கேட்கிற காதுதான் இல்லை.

ஆனால் கும்பகர்ணனை நான் வெள்ளையடிக்க வரவில்லை. அவனைப் புகழ்கிற மேடைப் பேச்சுகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஓர் இடம் உண்டு. யுத்தத்துக்கு முன்னால் நடந்த மந்திராலோசனையிலும் அவன் பேசினான். அங்கே அண்ணனை வைத்து வாங்குகிறான்: 'பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று நம் கொற்றம்!' பேச்செல்லாம் மானம், நடுவில் பேணுவது காமம், மனுஷர்களைக் கண்டு கூச்சம், ரொம்ப நன்றாக இருக்கிறது நம் ஆட்சி! பாடம் நடத்தும்போது பையன்கள் கைதட்டுகிற வரி. ஆனால் அதே பேச்சில், இரண்டு மூச்சு தள்ளி, 'விட்டிடுதுமேல் எளியம் ஆதும்' என்கிறான். இப்போது அவளை விட்டுவிட்டால் நாம் இளைத்தவர்கள் ஆகிவிடுவோம், அவர்கள் ஜெயித்து நாம் செத்தால் அது பழி இல்லை என்கிறான். அதற்குப் பிறகு, எதிரி கடல் தாண்டி வருவதற்கு முன்னால் நாமே போய் வேரோடு அழிப்போம் என்று யோசனையும் சொல்கிறான்.

ஆக, அன்றைக்கு அவனுக்குள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். தப்பு தப்புதான் என்று சொல்கிற ஒருவன். வீட்டு மானம் போய்விடக்கூடாது என்று நினைக்கிற இன்னொருவன். அன்றைக்கு இரண்டாமவன் ஜெயித்தான். தூங்கி எழுந்து, உறவுகள் செத்து, ஊர் பாதி அழிந்த பிறகு வந்து நிற்கும்போது முதலாமவன் பேசுகிறான். கம்பன் ஒரே அச்சில் வார்த்த பாத்திரமாக இவனைச் செய்யவில்லை. மாறியிருக்கிறான். தாமதமாக மாறியிருக்கிறான். அந்தத் தாமதத்துக்குக் கொடுத்த விலைதான் மிச்சக் கதை.

இராவணன் அவன் புத்திமதிக்கு என்ன பதில் சொன்னான் தெரியுமா? இரண்டு மனுஷர்களைக் கும்பிட்டு, கூனல் குரங்கையும் கும்பிட்டுப் பிழைக்கிற தொழில் உன் தம்பிக்கும் உனக்கும்தான் பொருத்தம், நான் அதைச் செய்ய மாட்டேன், எழுந்து போ என்கிறான். கறியும் கள்ளும் கிடைத்தாயிற்று, போய் ராவும் பகலும் தூங்கு என்றும் சொல்கிறான். வயிற்றுக்குச் சோறு போட்டதைச் சொல்லிக்காட்டிவிட்டான். நம் ஊரில் சொல்வார்களே, 'உண்ட வீட்டுக்கு' என்று. அதை வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஒரு மானஸ்தனால் அந்த இடத்தில் நியாயம் பேச முடியாது.

கும்பகர்ணன் நியாயம் பேசவில்லை. சூலத்தை எடுத்துக்கொள்கிறான். 'வென்று இவண் வருவென் என்று உரைக்கிலேன். விதி நின்றது, பிடர் பிடித்து உந்த நின்றது' என்கிறான். ஜெயித்து வருவேன் என்று சொல்ல மாட்டேன், விதி பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறது, நான் சாவேன், செத்தால் அப்போதாவது அவளை விட்டுவிடு. போருக்குப் போகிற சேனாபதி ராஜாவிடம் சொல்கிற வார்த்தை இது! ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். 'ஜெயித்து வருகிறேன் அண்ணா' என்று ஆறுதலுக்காவது சொல்லியிருக்கலாம். அவன் வாயில் அது வரவில்லை. நேர்மை என்று நான் சொல்வது இதைத்தான். எந்தப் பக்கம் நின்றான் என்பதை மட்டும் வைத்து இதை அளக்க முடியாது.

தம்பி, உங்கள் ஹாம்லெட்டோடு வைத்துப் பாருங்கள். ஹாம்லெட்டுக்குப் போராட்டம் செயலுக்கு முன்னால். ஆவி சொன்னது நிஜமா, செய்யலாமா வேண்டாமா என்று தவிக்கிறான். புரூட்டஸும் ஒரு ராத்திரி தூங்காமல் தவித்து, சீசரைக் கொல்வதுதான் ரோமுக்கு நல்லது என்று தன்னைத்தானே நம்ப வைத்துக்கொண்டு போகிறான். கும்பகர்ணனுக்கு எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எது சரி, யார் ஜெயிப்பார், தனக்கு என்ன ஆகும், எல்லாம் தெரியும். தன்னை நம்ப வைத்துக்கொள்ள ஒரு காரணமும் அவன் தேடவில்லை. தெரிந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு எதிர்த் திசையில் நடக்கிறான். மேலை நாடகத்தில் எனக்குத் தெரிந்தவரை இப்படிப்பட்டவர்கள் குறைவு.

மாரீசனும் தெரிந்துதானே போனான் என்று கேட்கலாம். அவன் போனது பயத்தில். போகாவிட்டால் இராவணன் கையால் சாவு. பாவம்தான், ஆனால் அது வேறு கணக்கு.

சரி, விபீஷணன். தமிழ்நாட்டில் இவன் பேர் கொஞ்சம் கெட்டுக் கிடக்கிறது. வீட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்று பேச்சிலேயே வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கர்க்கடக மாசம், அதாவது ஆடியில், வீட்டுக்கு வீடு மலையாள அத்யாத்ம ராமாயணம் வாசிப்பார்கள். அதை எழுதிய எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் இருந்த குருமடம் சித்தூரில்தான், சோகநாசினி ஆற்றங்கரையில். அந்த வாசிப்பில் வளர்ந்தவர்களுக்கு விபீஷணன் பரம பக்தன், அதில் சந்தேகமே கிடையாது. இரண்டு பார்வையும் அவனுடைய தவிப்பைத் தொலைத்துவிடுகின்றன என்பது என் குறை.

கம்பனில் அவன் ஊரை விட்டுப் போகிற இடத்தைப் பாருங்கள். என்னென்ன நல்லது உண்டோ அத்தனையும் சொன்னேன், உனக்கு உணர முடியவில்லை என்று சொல்லிவிட்டு, 'அத்த! என் பிழை பொறுத்தருளுவாய்' என்று சொல்லிப் போகிறான். என் பிழையைப் பொறுத்துக்கொள். யாரிடம்? அடுத்தவன் பெண்டாட்டியைத் தூக்கி வந்து சிறை வைத்தவனிடம்! இப்போது கும்பகர்ணன் அண்ணனிடம் கடைசியாக விடைபெறுகிற பாட்டைப் பக்கத்தில் வையுங்கள்.

இற்றைநாள் வரை, முதல், யான் முன் செய்தன
குற்றமும் உள எனின் பொறுத்தி, கொற்றவ!
அற்றதால் முகத்தினில் விழித்தல், ஆரிய!
பெற்றனென் விடை.

இன்றுவரை நான் செய்ததில் குற்றம் ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள், இனி முகத்தில் முகம் விழிப்பது இல்லை. ஒருவன் விட்டுவிட்டுப் போகிறான், ஒருவன் சாகப் போகிறான். இரண்டு பேர் வாயிலும் ஒரே சொல், 'பொறு'. குற்றம் செய்தவன் உட்கார்ந்திருக்கிறான், குற்றம் இல்லாத இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். வகுப்பில் இதை முதன்முதலாக ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதிய அன்று எனக்கே தொண்டை அடைத்தது. இவர்களை எதிரெதிராக நிறுத்தி யார் நேர்மை என்று மார்க் போடுவது தப்பு என்று அன்றைக்குத்தான் பட்டது. மனசு ஒன்றுதான். இரண்டு உடம்பில் இருக்கிறது, அவ்வளவுதான்.

விபீஷணனுக்குப் போராட்டம் ஊரை விட்டு வந்ததோடு முடிந்துவிடவில்லை, வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. எதிரியின் பாசறையில் நின்றுகொண்டு, 'அதோ வருகிறானே, யார்?' என்று இராமன் கேட்கும்போது தன் அண்ணனைப் பற்றி அவன்தான் சொல்ல வேண்டும். பிறகு இந்திரசித்து நிகும்பலையில் செய்யும் யாகத்தின் ரகசியத்தையும் அவன்தான் சொல்ல வேண்டும். தூக்கி வளர்த்த அண்ணன் மகன். உண்மை பேசுவது என்று முடிவு எடுத்தாயிற்று, சரி. அந்த உண்மை ஒவ்வொரு நாளும் சொந்தத்தில் ஒருவர் உயிரைக் கேட்கிறது. கும்பகர்ணனுக்காவது ஒரே நாளில் முடிந்துவிட்டது.

கும்பகர்ணனைக் கூப்பிட வரும்போது 'இருள் உறு சிந்தையேற்கும்' என்றுதான் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறான். இருட்டு மனசுக்காரனான எனக்கே அருள் கிடைத்தது, உனக்குக் கிடைக்காதா என்கிறான். எனக்குக் கொடுத்த இலங்கை அரசை உனக்கே தந்துவிடுகிறேன் என்கிறான். பதவிக்காகப் போனவன் பேசுகிற பேச்சா இது?

இப்போது கும்பகர்ணன் பக்கம் வாருங்கள். தம்பி வருவதைப் பார்த்ததும் கோபம் வரவில்லை. வாரி அணைத்து உச்சி மோக்கிறான். மழை மாதிரி அழுகிறான். 'உய்ந்தனை, ஒருவன் போனாய் என மனம் உவக்கின்றேன்'. நீ ஒருவனாவது தப்பித்தாய் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேனே, புத்தி கெட்டவன் மாதிரி ஏன் தனியாகத் திரும்பி வந்தாய்? அதற்கு மேல் இன்னொரு கேள்வி. நீ இராமனிடம் அடைக்கலமாகிப் பிழைக்காவிட்டால், அரக்கர் எல்லாரும் அம்பு மழையில் செத்துப் பாழாய்ப் போனால், 'கையினால் எள் நீர் நல்கி, கடன் கழிப்பாரைக் காட்டாய்!' செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட ஒரு ஆளைக் காட்டு பார்ப்போம்.

இந்த வரியை நான் நெடுநாள் வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன். என் அப்பாருக்குச் சித்தூர் ஆற்றங்கரையில் காரியம் செய்தபோது, உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். எள் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. அன்றைக்கு இந்த வரி ஞாபகம் வந்தது. கும்பகர்ணன் தம்பியைத் துரோகி என்று நினைக்கவில்லை. குடும்பத்துக்கு ஆற்ற வேண்டிய வேலையைப் பங்கு பிரிக்கிறான். நான் சோற்றுக்கடன் கழிக்கிறேன், நீ நீர்க்கடன் கழி.

இனி, உங்கள் கேள்வியில் எனக்கு இன்றுவரை வலிக்கிற பகுதிக்கு வருகிறேன். செஞ்சோற்றுக் கடன் சாக்கா என்றால், அவனைப் பொறுத்தவரை இல்லை, உயிரைக் கொடுத்துக் கட்டினான். ஆனால் அந்தக் கடனுக்கு அடுத்தவர்களும் கட்டினார்கள். களத்தில் அவன் கையால் செத்த வானரங்கள் எத்தனை? அவர்கள் இராவணன் சோற்றைத் தின்றார்களா?

இதை எனக்குப் புரிய வைத்தது புத்தகம் இல்லை, என் தாய்மாமா. ஒரு அரிசி மில்லில் கணக்கெழுதினார். பன்னிரண்டு வயதில் அங்கே போனவர். முதலாளிதான் சோறு போட்டார், படிக்க வைத்தார், கல்யாணமும் செய்து வைத்தார். பிற்காலத்தில் மில்லில் நெல் எடை போடும்போது சாக்குக்கு இரண்டு கிலோ குறைய ஆரம்பித்தது. மாமா நேராகப் போய்ச் சொன்னார்: "முதலாளி, இது நல்லா இல்லைங்க. பாவப்பட்ட சனங்க." முதலாளி சொன்னது: "புடிக்கலீன்னா கணக்கை முடிச்சுக்க." மாமா கணக்கை முடிக்கவில்லை. "என்னை அந்தத் தராசுகிட்ட மட்டும் நிறுத்தாதீங்க" என்று கேட்டுக்கொண்டு, பின்னால் தவிட்டு மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போய்விட்டார். முதலாளி சாகிறவரை பதினோரு வருஷம் அங்கேயே இருந்தார். பொய் எடை ஒன்றைக்கூடத் தன் கையால் எழுதவில்லை. ஒரு நாள் எருத்தேன்பதிப் பக்கத்து விவசாயி ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க, உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார். அந்த டம்ளர் திண்ணையிலேயே இருந்தது, சாயங்காலம்வரை யாரும் எடுக்கவில்லை.

மாமா நல்லவர். சத்தியமாக நல்லவர். அந்த இரண்டு கிலோவும் சத்தியம். கும்பகர்ணனைப் படிக்கும்போது இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கட்சி. அவனை முழுக்க விடுதலை செய்யவும் எனக்கு மனம் வரவில்லை, விபீஷணன் மாதிரி போயிருக்கலாமே என்று சுலபமாகச் சொல்லவும் வாய் வரவில்லை. சோறு போட்டு வளர்த்த கையை உதறுவது என்ன என்று உதறியவர்களுக்குத்தான் தெரியும்.

அவன் சாவுக்கு வருகிறேன். சுக்ரீவன் அவன் மூக்கையும் காதையும் கடித்து அறுத்துவிட்டுப் போகிறான். கையும் காலும் இராமன் அம்பில் போகின்றன. அந்த நிலைமையில் இரண்டு வரம் கேட்கிறான். முதலாவது தம்பிக்காக. என் தம்பி சாதி வழியாக வந்த சிறுநெறி அறியாதவன், நீதி வழியாக வந்த தருமநெறிதான் அவனுக்குத் தெரியும். இராவணன் கண்ணில் பட்டால் தம்பி என்றும் இரங்காமல் கொன்றுவிடுவான். 'உம்பியைத்தான், உன்னைத்தான், அனுமனைத்தான், ஒருபொழுதும் எம்பி பிரியானாக அருளுதி'. உன் தம்பி, நீ, அனுமன், உங்களை விட்டு என் தம்பி ஒரு நேரமும் பிரியாமல் பார்த்துக்கொள். எந்த அண்ணனுக்காக உயிரைக் கொடுக்கிறானோ அந்த அண்ணனிடமிருந்தே தம்பியைக் காப்பாற்றச் சொல்கிறான், அதுவும் தன்னைக் கொல்கிறவனிடம். இதற்கு மேல் ஒரு மனசு எப்படிக் கிழியும்?

இரண்டாவதுதான் தனக்காக. முனிவரும் தேவரும் மூக்கில்லாத முகம் என்று பார்க்காதபடி என் கழுத்தை அறுத்து, தலையைக் கருங்கடலுக்குள் போட்டுவிடு. இராமன் அப்படியே செய்கிறான்.

நீங்கள் படிக்க ஆரம்பிப்பதானால் கும்பகர்ணன் எழுந்திருக்கிற இடத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் மந்திராலோசனை, பிறகு விபீஷணன் ஊரை விட்டுப் போவது, அப்புறம் வதைப் படலம். சத்தமாக வாசியுங்கள், இந்த விருத்தங்கள் கண்ணுக்கு எழுதியவை இல்லை. வதைப் படலம் முடிந்ததும் மூடி வைத்துவிடாமல் இராவணன் விழுந்த பிறகு விபீஷணன் அழுகிற பாட்டுகள்வரை போய்விடுங்கள். 'உண்ணாதே உயிர் உண்ணாது ஒரு நஞ்சு' என்று ஆரம்பிக்கும். மற்ற நஞ்சு குடித்தால்தான் உயிரைக் குடிக்கும், சனகி என்கிற நஞ்சு உன்னைக் கண்ணால் பார்த்ததுமே கொன்றுவிட்டதே, நீயும் களத்தில் விழுந்துவிட்டாயே என்று அண்ணன் உடம்பின்மேல் விழுந்து அழுகிறான். சொல்லச் சொல்லக் கேட்காத அண்ணன், ஊரை விட்டுத் துரத்திய அண்ணன். பிறகு இராமன் சொல்ல, எழுந்து ஈமக்கடன் செய்கிறான். எள்ளும் தண்ணீரும் விட ஒரு ஆளைக் காட்டு என்று ஒருவன் கேட்டானே, அந்தக் கை இதுதான்.